சுத்தமான தெரு

மொத்தம் ஆறு விதிகள். ஒரு தாளில் அச்சடித்து, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜாடியை இடம் மாற்றக் கூடாது. மூடி வைக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது. பக்கத்தில் அடுப்பு மூட்டவோ குப்பை கொளுத்தவோ கூடாது. காக்கை உட்காராமல் இருக்கப் பொருத்திய கம்பி வளையத்தைக் கழற்றக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. இந்த ஆறையும் வீடு வீடாக மொட்டை மாடி ஏறித் தமிழில் படித்துக் காட்டியது நான்தான்.

ஏழாவதாக ஒன்று வேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களை விடுங்கள், அவர்கள் வேறு ஊர்க்காரர்கள். திருவொற்றியூரில் பிறந்து, எண்ணூரில் படித்து, இன்றைக்கும் விம்கோ நகர் பக்கம் வாடகை வீட்டில் குடியிருக்கும் எனக்கு என்ன கேடு? எனக்குமல்லவா தோன்றவில்லை.

அது காற்றில் விழும் தூசியைப் பற்றிய ஆராய்ச்சி. அனல்மின் நிலையச் சாம்பல், கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியின் துகள், கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண், எல்லாம் சேர்ந்து எந்தத் தெருவில் எவ்வளவு விழுகிறது, அது அங்கிருப்பவர்களின் நெஞ்சை என்ன செய்கிறது என்று பார்ப்பது. மூன்று நிபுணர்கள் சேர்ந்து நடத்தினார்கள். ஒருவர் வடக்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் நுரையீரல் டாக்டர். இன்னொருவர் பெங்களூரில் சமூகவியல் பேராசிரியை. மூன்றாமவர் வெளிநாட்டுக்காரர், எந்த நாட்டு நிலக்கரி எந்த நாட்டுக்குப் போகிறது, யார் விற்கிறார்கள், யார் எரிக்கிறார்கள், அதில் யாருக்கு என்ன அரசியல் என்று படிப்பவர். மூவரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அவர்களுக்கு இங்கே நடக்கிற கால் நான், பேசுகிற வாயும் நான்.

ஜாடி என்றால் வாய் அகன்ற கண்ணாடி ஜாடி. மொட்டை மாடியில் ஒரு இரும்புத் தாங்கியில் ஒரு மாதம் திறந்தபடி இருக்கும். மாதக் கடைசியில் பரிசோதனைக் கூடத்து ஆள் வந்து மூடி போட்டு எடுத்துப் போவார், வேறு ஜாடி வைப்பார். உள்ளே விழுந்ததை எடை போட்டு எழுதுவார்கள். ஜாடி வைத்ததோடு என் மாடி வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கேள்வித் தாளைத் தூக்கிக்கொண்டு வீடுகளுக்குள் போய், இருமல் உண்டா, இரவில் மூச்சு வாங்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜாடி வைத்த இடங்களில் என் அக்கா தெருவும் ஒன்று. எண்ணூர் போகிற வழியில், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தலைக்கு மேலேயே நிற்பது போலத் தெரியும் தெரு. அக்கா காலையில் வாசலில் இட்லிக் கடை போடுகிறாள். இரண்டு வருடமாக அவளுக்கு மூச்சு வாங்குகிறது. நாலு படி ஏறினால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். தெருமுனை டாக்டர் "டஸ்ட் அலர்ஜி" என்று சொல்லி ஒரு சிரப்பும், வாயில் வைத்து இழுக்கிற பஃப்பும் எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வா என்றால், "கடைய யாரு பாத்துக்கறது, உங்க மாமாவா?" என்பாள். மாமா துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்குகிற மனிதர்.

ஆராய்ச்சியின் இரண்டாம் கட்டம்தான் எனக்கு முக்கியம். தூசி அதிகம் விழும் தெருக்களைத் தேர்ந்தெடுத்து, அங்கிருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் மூன்று வருடம் நுரையீரல் பரிசோதனை செய்வார்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு, எல்லாம் தெருவுக்கே வரும். அக்கா கடையை மூட வேண்டாம், பஸ் ஏற வேண்டாம். அவள் தெரு அந்தப் பட்டியலில் வராமல் வேறு எந்தத் தெரு வரப்போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். புகைபோக்கிக்கு அத்தனை பக்கம்.

முதல் கட்ட முடிவை மக்களுக்கே சொல்ல வேண்டும் என்று சமூகவியல் பேராசிரியை பிடிவாதம் பிடித்தார். மார்கழி மாதம், கல்யாணம் கிடையாது, திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. அதை எடுத்தோம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் டாக்டரும் பேராசிரியையும் உட்கார்ந்தார்கள். வெளிநாட்டுக்காரர் திரையில் தெரிந்தார்; அவர் ஊரில் அப்போதுதான் விடிந்திருந்தது, கையில் ஒரு காபிக் கோப்பை. நான் மைக்கோடு ஓரமாக நின்றேன். கீழே எல்லாத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அக்கா, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரோடு. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். தங்கச்சி மைக் பிடிக்கிறாள் இல்லையா.

வெளிநாட்டுக்காரர் முதலில் பேசினார். பணக்கார நாடுகள் தங்கள் ஊரில் அனல்மின் நிலையங்களை மூடிவிட்டு மார்தட்டிக்கொள்கின்றன, ஆனால் நிலக்கரியைத் தோண்டி விற்பதை விடவில்லை, அது கப்பலேறி உங்கள் துறைமுகத்துக்கு வருகிறது, புகை உங்களுக்கு, நல்ல பெயர் அவர்களுக்கு என்றார். நான் அதை எங்கள் பேச்சில் சொன்னேன். கூட்டத்தில் தலைகள் ஆடின. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "இது நமக்குத் தெரியாதா நைனா, கப்பல எண்ணிகினுதானே குந்திகினு கீறோம்" என்றார். சிரிப்பு. திரையில் இருந்தவர் என்னவென்று கேட்டார். அப்படியே சொன்னேன், அவரும் சிரித்தார். மனிதர் நல்லவர்.

அடுத்து டாக்டர் வரைபடத்தைத் திரையில் போட்டார். தூசி அதிகம் விழும் தெரு சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், குறைவு பச்சை. நான் முதலில் என் அக்கா தெருவைத் தேடினேன். சிவப்பில் இல்லை. மஞ்சளிலும் இல்லை. பச்சையில் இருந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் விம்கோ நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, புகைபோக்கியிலிருந்து எவ்வளவோ தள்ளி, அது சிவப்பு.

கண் அந்தப் பச்சையை விட்டு நகரவில்லை. ஆனால் வாய் தன் பாட்டுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. பச்சைத் தெருக்களை இரண்டாம் கட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வோம், அங்கே ஒரே ஒரு முறை பரிசோதனை, மருந்தோ தொடர் கவனிப்போ கிடையாது என்று டாக்டர் சொன்னார். தூசியில்லாத இடத்து நெஞ்சு எப்படியிருக்கும் என்று காட்ட ஒரு சுத்தமான தெரு வேண்டுமாம். என் அக்கா தெருதான் அந்தச் சுத்தமான தெருவாம். இதையும் நானே மைக்கில் சொன்னேன்.

புகைபோக்கிக்குப் பக்கத்தில் எப்படிக் குறைவு என்று அவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்கள். கடற்காற்று சாம்பலைத் தூக்கிக்கொண்டு போய்த் தள்ளிப் போடுகிறது என்றார் டாக்டர். பேராசிரியை இன்னும் ஒரு படி மேலே போனார். இந்தத் தெருவில் புகார்கள் மிக அதிகம், தூசியோ குறைவு. புகைபோக்கியைத் தினம் பார்க்கிறவர்களுக்கு அச்சம் கூடுகிறது, அந்த அச்சமே உடம்பில் மூச்சுத் திணறலாகத் தெரியலாம், சமூகம் நோயை எப்படி உணர்கிறது என்பதற்கு இது முக்கியமான சான்று என்றார். என் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது அச்சத்தினால் என்று என் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். பேராசிரியை மேல் அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை.

அக்கா கையைத் தூக்கினாள். எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமா சார், எங்க தெரு சுத்தம்தான் சார். நாங்க டெய்லி தொடச்சிடுவோம்ல" என்றாள்.

எதை என்று நான் கேட்டேன். மைக் கையில் இருப்பதை மறந்து கேட்டேன்.

"அத்தாண்டி, உங்க ஜாடிய. காலைல கட போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. சும்மா மேலால இல்ல, உள்ள கைய வுட்டு ஈரத் துணில சுத்தமா தொடச்சிடுவேன். உங்க ஆபீஸ் சாமானு, எங்க வூட்ல கலீஜா கெடந்தா எங்களத்தான சொல்வாங்க."

பக்கத்திலிருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒருத்தி, "நீங்க தொடைக்கிறீங்கன்னு பாத்துதான் நானும் தொடச்சேன். உங்க வூட்டு ஜாடி பளபளன்னு இருக்க, எங்க வூட்டுது மட்டும் கரியா கீதுன்னா நல்லாவா இருக்கும்" என்றாள். ஜாடி எடுக்கிற ஆள் வரும் நாளில் மட்டும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து வைப்போம், உள்ளே தண்ணீர் ஊற்ற மாட்டோம் என்றாள் இன்னொருத்தி. இரவல் வாங்கின பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது.

எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் காலையில் கண் விழித்ததும் முதல் வேலை துடைப்பதுதான். கைப்பிடிச் சுவர், ஜன்னல் கம்பி, தண்ணீர் டிரம்மின் மூடி, கொடிக் கயிறு. துணி காயப் போடுவதற்கு முன்னால் கயிற்றைத் துடைக்காவிட்டால் வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கோடு விழும். அக்காவுக்கு இட்லிக் கடை வேறு. வாசலில் சாம்பல் தெரிந்தால் யார் வாங்கித் தின்பார்கள்? நானும் தினம் துடைக்கிறேன். மூச்சு விடுவது போல அது. அதனால்தான் ஏழாவது விதி எனக்குத் தோன்றவில்லை. விம்கோ நகர் அடுக்குமாடியில் மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி சங்கச் செயலாளரிடம். அங்கே ஏறித் துடைக்க ஆளில்லை, அவ்வளவுதான் அந்தச் சிவப்பின் ரகசியம்.

மேடையிலிருந்து டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று.

உண்மையைச் சொல்கிறேன், பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். நன்றி சொல்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டம் டீயும் சமோசாவுமாக முடிந்துவிடும். துடைத்த கதையைச் சொன்னால் ஒரு வருட வேலை குப்பை. யார் அவர்களுக்கு விதிகளைச் சொன்னது என்ற கேள்வி அடுத்து வரும். அந்த வேலை எனக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. மார்கழி முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அதோடு அக்கா. அத்தனை பேர் முன்னால், கல்யாணப் புடவையில், பெருமையாக நிற்கிறாள். நீ செய்தது தப்பு என்று அவளிடம் நான் மைக்கில் சொல்ல வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டு நாலு வாக்கியம் பேசியதற்கே அக்காவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் முன் வரிசை நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. இவர்கள் தினம் இரண்டு வேளை ஜாடியைத் துடைத்திருக்கிறார்கள், துடைத்ததற்கும் அடுத்துத் துடைத்ததற்கும் நடுவில் விழுந்ததைத்தான் நீங்கள் எடை போட்டிருக்கிறீர்கள், துடைக்காதீர்கள் என்று இவர்களிடம் சொல்லாதது நான், இந்தத் தெரு சுத்தமான தெரு இல்லை. கடைசியில் கோபத்தில் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குவது பயத்தினால் இல்லை, அவர் என் அக்கா, பயப்படுகிற ஆளே இல்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பேராசிரியை தன் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து, தாளை எழுதியது நாங்கள், இவர் படித்துத்தான் காட்டினார் என்று டாக்டரிடம் சொன்னார். அதற்காக அவரைப் பாதி மன்னித்தேன். திரையில் இருந்தவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். எத்தனை வருடமாக இவர்கள் இப்படித் துடைக்கிறார்கள் என்று. நான் மொழிபெயர்த்தேன். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேசாமலே வாசலுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன்.

"நாலு பேரு எதிர்ல என்னைய அசிங்கப்படுத்திட்டல்ல" என்றாள்.

"அக்கா, சொல்லலன்னா உனக்கு டெஸ்ட் கெடைக்காதுக்கா."

"தொடச்சது ஒரு குத்தமாடி? ஊரு உலகத்துல தொடைக்காம வுட்டவள திட்டுவாங்க. தொடச்சவள திட்டனது நீ ஒருத்திதான்."

ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் மண்டபத்துக்குள் திரும்பிப் போய் நாற்காலிகளை அடுக்கினேன். அழுகையாக வந்தது. சமோசா தட்டில் நிறைய மீந்திருந்தது, இரண்டு தின்றேன்.

அக்கா தெருக் கணக்கு மட்டுமில்லை, எல்லாத் தெருக் கணக்கும் செல்லாது என்று முடிவாயிற்று. மூன்று மாதம் புதிதாக ஜாடி வைத்துப் பார்த்துவிட்டுப் பட்டியலை முடிவு செய்யலாம் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். என் வேலையையும் அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள். தை மாதம் ஏழு விதிகளோடு அதே மாடிகளை மறுபடி ஏறினேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏழாவது விதியை நான் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினார்.

ஒரு வாரம் கழித்து அக்காவே போன் செய்தாள். கோபம் அவளிடம் அதற்கு மேல் தங்காது.

"கை பரபரன்னுதுடி. சுத்தியும் தொடச்சிட்டு அத்த மட்டும் வுட்டுட்டு வர முடில. எதிர் வூட்டுக்கு வந்தவங்கல்லாம் இன்னா இது கருப்பா கீதுன்னு கேக்கறாங்க. ஆராய்ச்சின்றேன். நம்பல போலகீது."

"தொடச்சிடாத. எனக்காக."

"உனக்காக இல்ல. எனக்குத்தான டெஸ்ட்டு."

மாசியில் அவள் மாடி ஏறுவதையே நிறுத்திவிட்டாள். துணி காயப் போட மாமாவை அனுப்பினாள். துணியெல்லாம் கோடு கோடாகக் காய்ந்து வந்தது. மாமாவுக்குக் கயிற்றைத் துடைக்கத் தெரியாது. பங்குனிக் கடைசியில், மூன்றாவது ஜாடியை எடுப்பதற்கு முந்தின நாள் மட்டும் அக்கா மேலே போயிருக்கிறாள். போனவள் எதுவும் செய்யவில்லை, பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள் என்று மாமா சொன்னார்.

சித்திரையில் புது வரைபடம் என் போனுக்கு வந்தது. அக்கா தெரு சிவப்பு. சாதாரணச் சிவப்பு இல்லை, எல்லாத் தெருவுக்கும் மேலே, பட்டியலில் முதல் பெயர். என் வேலையும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. விம்கோ நகரில் அரை கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். பெட்டியை நீட்டினேன்.

"அக்கா, நம்ம தெருதான் ஃபர்ஸ்ட்டு. செவப்பு. லிஸ்ட்ல மொத பேரு நம்மது. அடுத்த வாரமே ஊதற டெஸ்ட்டு, உன் வாசலுக்கே வராங்க."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினாள். திறக்கவில்லை. என் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செவப்புன்னா இருக்கறதுலயே நம்ம தெருவுலதான் ஜாஸ்தி வுழுதுன்னுதான அர்த்தம்" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அதுக்கா ஸ்வீட்டு எடுத்துகினு வந்த?"

அவள் திட்டுகிற தொனியில் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கு மேல போய்ப் பாத்தேன்டி. ஜாடில அடியே தெரில. ஒரு மாசத்துக்கு இத்தினி. நான் கல்யாணம் ஆயி இந்த வூட்டுக்கு வந்து இருவத்தி ஆறு வருசம் ஆவுது. துணில வந்தத தொடச்சேன். உள்ள போனத இன்னா பண்ணேன்?"

அலசின துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்தாள். நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. சின்ன விசில் மாதிரி ஒரு சத்தம், எப்போதும் கேட்பதுதான். கேள்வித் தாளோடு அத்தனை வீடு ஏறினேன், அந்த வீட்டில் மட்டும் நான் எதுவும் கேட்கவில்லை. சொந்த அக்காதானே, தெரியாததா என்று நானே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

துணிகளைப் பிழிந்து முடித்து வாளியை ஓரமாக வைத்தாள். அந்த ஊதுகிற டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் இருக்க வேண்டுமா, கடையை முடித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றேன்.